ரொறன்ரோவில் அகதிக் கோரிக்கை: காசில்லாமல் லோயரும் உதவியும் தேடும் வழி

ஒன்ராறியோவில் அகதிக் கோரிக்கை வைத்தவர்களுக்கும் வைக்க யோசிப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் வந்து இறங்குகிற எங்கள் ஆட்கள்தான் மனதில் இருக்கிறார்கள். மற்ற மாகாணங்களில் சட்ட உதவியின் ஒழுங்கு வேறு. உங்கள் கேஸில் என்ன சொல்லவேண்டும் என்று இங்கே எழுத மாட்டேன், அது உங்கள் லோயரின் வேலை. அந்த லோயரைக் காசில்லாமல் எப்படிப் பிடிப்பது, அதுவரை எங்கே படுப்பது, யாரிடம் எதைக் கேட்பது என்பதைத்தான் படிப்படியாகச் சொல்லப் போகிறேன்.

சோறு, படுக்க இடம், வேலை, ஆஸ்பத்திரிக்குத் துணை, இதற்கெல்லாம் எங்கள் சனத்தை நாடுங்கள். கைவிட மாட்டார்கள். சட்டத்துக்கு மட்டும் உரிமம் உள்ளவரிடம் போங்கள். தொண்ணூறுகளில் வந்த மாமா நல்ல மனதோடுதான் சொல்வார்: "28 நாளுக்குள்ள பிஃப் போமை நிரப்பிக் குடுத்தால் சரி, நான் எழுதித் தாறன்." பிஃப் என்ற அந்தப் பழைய அகதிக் கோரிக்கைப் படிவம் 2012 டிசம்பரோடு ஒழிந்துவிட்டது. படிவம், தவணை, மேல்முறையீடு எல்லாமே அன்றைக்கு மாறின, அதற்குப் பிறகும் பல தடவை மாறியிருக்கின்றன. மாமாவின் அனுபவம் உண்மையானது, ஆனால் அவர் கேஸ் போட்ட சட்டம் இன்றைக்கு இல்லை.

கோரிக்கை வைக்கமுன் கேட்டுத் தெளியவேண்டியவை

ஏற்கெனவே கோரிக்கை வைத்துவிட்டீர்கள் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். இன்னும் வைக்கவில்லை என்றால் ஒரு படிவத்தைத் தொடமுன் லோயரிடம் மூன்று விஷயத்தைச் சொல்லுங்கள்.

ஒன்று, நீங்கள் எந்த வழியாக வந்தீர்கள். அமெரிக்காவிலிருந்து தரைவழியாக வந்தவர்களை "பாதுகாப்பான மூன்றாம் நாடு" உடன்படிக்கையின் கீழ் அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பலாம். 2023 மார்ச் 25இலிருந்து காடு மேடு தாண்டி வந்தவர்களுக்கும் இது பொருந்தும். நுழைந்து 14 நாளுக்குள் கோரிக்கை வைத்தால் மாட்டுவீர்கள். விதிவிலக்குகளில் எங்கள் ஆட்களுக்கு அதிகம் உதவுவது உறவுதான். கனடாவில் உரிய வதிவிட நிலையோடு இருக்கிற கணவன், மனைவி, பிள்ளை, தாய் தகப்பன், சகோதரங்கள், பேரன் பேத்தி, அம்மப்பா, அப்பம்மா, தாய் தகப்பனின் கூடப்பிறந்தவர்கள், கூடப்பிறந்தவரின் பிள்ளைகள் ஆகியோர் கணக்கில் வருவார்கள். விசிற்றர் விசாவில் நிற்கிற உறவு உதவாது. அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பியையும் நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுகிறோம், எல்லை அதிகாரிக்கு அவர் யாரோ ஒருவர். ஒன்றுவிட்ட அண்ணாவும் அப்படித்தான். சொந்த மாமாவாக இருந்தாலும் வாயால் சொன்னால் போதாது. உங்கள் பிறப்புச் சான்றிதழில் அம்மாவின் பெயர், அம்மாவின் பிறப்புச் சான்றிதழிலும் மாமாவின் பிறப்புச் சான்றிதழிலும் ஒரே அம்மப்பா, அம்மம்மா பெயர்கள். இந்த மூன்று தாளும் கையில் இருந்தால் கதை சுருக்கமாக முடியும். எழுத்துக்கூட்டு ஒன்றுக்கொன்று வேறுபட்டால் அதையும் முதலே லோயரிடம் காட்டுங்கள்.

இரண்டு, அமெரிக்கா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் முன்பு அகதிக் கோரிக்கை வைத்தீர்களா. வைத்திருந்தால் 2019இல் வந்த மாற்றத்தின்படி உங்கள் கேஸ் வழக்கமான அகதி விசாரணைக்குப் போகாது, நாடுகடத்தலுக்கு முந்தைய ஆபத்து மதிப்பீடு என்ற வேறு பாதைக்குப் போகும். மறைத்துப் பயனில்லை, கைரேகை அங்கேயும் இருக்கிறது.

மூன்று, கனடாவுக்குள் முதன்முதல் எப்போது வந்தீர்கள். 2025இல் ஒட்டாவா அரசு முன்வைத்த சட்டமூலத்தில், 2020 ஜூன் 24க்குப் பிறகு நுழைந்தவர் ஒரு வருடம் கழித்துக் கோரிக்கை வைத்தால் அது, கோரிக்கைகளை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் அகதிகள் சபைக்குப் போகாது என்ற விதி இருந்தது. படிக்க வந்தவர்களும் விசிற்றர் விசாவை நீட்டி நீட்டி இருப்பவர்களும் "பிறகு பாப்பம்" என்று இருப்பது ஆபத்து. இன்றைய நிலை என்ன, உங்களுக்கு அது பொருந்துமா என்று லோயரிடம் கேளுங்கள்.

முதல் இரவு

சொந்தக்காரர் வீடு இருந்தால் பிரச்சினை இல்லை. இல்லாவிட்டால் தொலைபேசியில் 211ஐ அழுத்துங்கள். இலவசம், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், 150க்கு மேற்பட்ட மொழிகளில் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். ஆங்கிலம் வராவிட்டால் "ரமில் இன்ரர்பிரிற்றர், பிளீஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். இந்த மூன்று சொல்லும் மற்றப் பல அலுவலகங்களிலும் உதவும். ரொறன்ரோ நகரசபையின் தங்குமிட இலக்கம் 416-338-4766. இடம் நிரம்பி வழிகிற காலம் இது. முதல் அழைப்பில் கிடைக்காவிட்டால் திரும்பத் திரும்ப எடுக்கத்தான் வேண்டும்.

அகதிகளுக்கென்றே இருக்கிற வீடுகளும் உண்டு. ஓக்வூட் அவெனியூவில் இருக்கும் எஃப்.சி.ஜே. அகதிகள் நிலையம், மேற்குப் பக்கத்தில் ரொமேரோ ஹவுஸ் போன்றவை தங்க இடம் கொடுப்பதோடு கடிதங்களை வாசித்து விளக்கி அடுத்து எங்கே போவது என்றும் சொல்வார்கள். இடம் இல்லாவிட்டாலும் ஆலோசனைக்குப் போகலாம்.

லோயர் தேடுவது

ஒன்ராறியோவில் வருமானம் குறைந்தவருக்கு அகதி கேஸுக்கு லோயரின் கட்டணத்தை லீகல் எயிட் ஒன்ராறியோ கட்டும். புதிதாக வந்து வேலை இல்லாமல் இருப்பவர்களில் பெரும்பாலானோர் வருமானக் கணக்கில் தேறிவிடுவார்கள். இலக்கம் 1-800-668-8258. வார நாட்களில் எடுங்கள், தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அவர்கள் கேட்பது: பெயர், பிறந்த திகதி, குடும்பத்தில் எத்தனை பேர், வருமானம், வங்கியில் காசு, கோரிக்கை எந்தக் கட்டத்தில் நிற்கிறது. அகதிக் கோரிக்கை பற்றி அதிகாரிகள் ஏதும் கடிதம் தந்திருந்தால் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுங்கள். காத்திருக்கும் இசை நீளமாகப் போகும், போனைச் சார்ஜில் போடுங்கள்.

ஒப்புக்கொண்டால் சான்றிதழ் ஒன்று தருவார்கள். எங்கள் ஆட்கள் பலர் தவறவிடுவது இதற்குப் பிறகுதான். சான்றிதழ் கிடைத்தது என்றால் லோயர் கிடைத்துவிட்டார் என்று அர்த்தம் இல்லை. லீகல் எயிட்டின் பட்டியலில் இருக்கும் அகதிச் சட்ட லோயர்களை நீங்களே அழைத்து, "சான்றிதழ் எடுப்பீர்களா" என்று கேட்கவேண்டும். நாலு பேர் "இப்போது இடமில்லை" என்பார்கள், ஐந்தாமவர் எடுப்பார். யாருமே கிடைக்காவிட்டால் லீகல் எயிட்டுக்கே திரும்ப எடுத்துச் சொல்லுங்கள். ரொறன்ரோவில் அவர்களின் சொந்த அகதிச் சட்ட அலுவலகமும் இருக்கிறது.

சான்றிதழ் எடுத்த லோயர், அந்தச் சான்றிதழில் அடங்கும் வேலைக்கு உங்களிடம் மேலதிகமாகக் காசு கேட்கக்கூடாது. "லீகல் எயிட் தாறது காணாது, கையில ஒரு ஆயிரம் தாங்கோ" என்று யாராவது கேட்டால் அது விதிமீறல். ரசீது இல்லாமல் கொடுத்த காசைத் திரும்பக் காண முடியாது.

வருமானம் கூடியதால் சான்றிதழ் கிடைக்காதவர்கள் ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் பரிந்துரைச் சேவையில் அரைமணி நேரம் வரை இலவசமாக ஒரு லோயருடன் கதைக்கலாம். சமூகச் சட்ட நிலையங்களும் இருக்கின்றன, மாகாணம் முழுக்க எழுபது அளவில். தெற்காசியர்களுக்கென்று இயங்கும் சவுத் ஏசியன் லீகல் கிளினிக் ஒஃப் ஒன்ராறியோவில் தமிழிலேயே கதைக்கலாம். குடிவரவோடு வாடகை, சமூக உதவிக் கொடுப்பனவு, வீட்டு வன்முறை போன்றவற்றையும் பார்க்கிறார்கள்.

முதல் சந்திப்பில் லோயரைக் கேள்வி கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஊரில் பெரிய ஆட்களிடம் கேள்வி கேட்காத பழக்கம் இங்கே உதவாது. என் கதையை நீங்கள் கேட்டு எழுதுவீர்களா, உங்கள் உதவியாளரா? மொழிபெயர்ப்பது யார்? விசாரணையன்று என்னோடு இருக்கப்போவது நீங்களா, வேறொருவரா? அனுப்புகிற எல்லாவற்றிலும் எனக்கு ஒரு பிரதி தருவீர்களா? நல்ல லோயர் இந்தக் கேள்விகளுக்குக் கோபிக்க மாட்டார். கோபித்தால் அதுவும் ஒரு பதில்தான்.

உரிமம் இல்லாதவர்கள்

ஒன்ராறியோவில் காசு வாங்கிக்கொண்டு குடிவரவு கேஸ் பார்க்கச் சட்டம் அனுமதிப்பது மூன்று கூட்டத்தை மட்டும்தான்: லோயர்கள், ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் உரிமம் பெற்ற பராலீகல்கள், குடிவரவு ஆலோசகர் கல்லூரியின் உறுப்பினர்கள். ஆலோசகர்களிலும் அகதிகள் சபையில் ஆஜராக மேலதிக உரிமம் பெற்றவர்கள் மட்டுமே உங்கள் கேஸில் நிற்கலாம், மற்றவர்கள் விசா, வேலை அனுமதிப் பத்திரத்தோடு சரி. சத்தியப்பிரமாணம் வாங்குகிற நொத்தாரிசும், வரி நிரப்பிக் கொடுப்பவரும், பயண முகவரும் இதில் அடங்க மாட்டார்கள், கதவில் என்ன பலகை தொங்கினாலும். சட்டச் சங்கம், ஆலோசகர் கல்லூரி இரண்டினதும் இணையப் பட்டியலில் பெயரைப் போட்டுப் பாருங்கள். பெயர் வரவில்லை என்றால் எழும்பி வாருங்கள்.

"கேஸ் எழுதுறவர்" என்று ஊருக்குள் சொல்லப்படுகிற ஆட்களைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். பிளாசாவில் பின்பக்க அறை, கையில் காசு, இரண்டு மணித்தியாலத்தில் கதை தயார். வெள்ளை வான், இராணுவ முகாம், மூன்று நாள் அடி, அப்பா காசு கொடுத்து விடுவிப்பு. இவை நடக்காத விஷயங்கள் அல்ல, எத்தனையோ பேருக்கு நடந்தவை. அதே வசனத்தில், அதே வரிசையில் பத்துப் பேரின் கதை ஒரே சபைக்குப் போனால், உண்மையிலேயே அடி வாங்கியவனையும் நம்ப ஆளில்லாமல் போகும். உங்களுக்கு நடந்தது அதைவிடச் சின்னதாகத் தெரியலாம். வாரத்துக்கு ஒருமுறை வந்து விசாரித்துவிட்டுப் போன புலனாய்வுக்காரன், காணாமல் போன அண்ணாவுக்காகப் போராட்டத்தில் நின்ற அம்மா. உங்களுடையதையே சொல்லுங்கள். அதில்தான் குறுக்குக் கேள்விக்குத் தடுமாறாமல் பதில் சொல்வீர்கள்.

பி.ஓ.சி. படிவம்

கோரிக்கையின் அடிப்படையை எழுதும் படிவத்தை இங்கே எல்லாரும் பி.ஓ.சி. என்பார்கள். உள்நாட்டில் இருந்து இணையவழியில் கோரிக்கை வைப்பவர்கள் இதை முதலிலேயே சேர்த்து அனுப்பவேண்டும். விமான நிலையத்திலோ எல்லையிலோ கோரிக்கை வைத்தவர்களுக்குச் சட்டத்தில் 15 நாள் என்று இருக்கிறது, சபை அதை 45 நாளாக நீட்டிக் கொடுத்து வந்திருக்கிறது. இந்த இரண்டு எண்ணையும் மறந்துவிட்டு, உங்கள் கையில் தந்த தாளில் எழுதியிருக்கிற திகதியைப் பாருங்கள். அதுதான் உங்கள் தவணை. அது தவறினால் உங்களைத் தனியாகக் கூப்பிட்டு, கோரிக்கையைக் கைவிட்டதாக ஏன் எடுக்கக்கூடாது என்று கேட்பார்கள்.

குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனிப் படிவம். மனைவிக்கு நடந்தது கணவனுக்குத் தெரியாமல் இருக்கலாம், தெரியக்கூடாததாகவும் இருக்கலாம். அக்காமார், தங்கைமார் லோயரைத் தனியே சந்திக்கக் கேளுங்கள். பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்கலாம்.

விசாரணையில் உங்கள் வாய்மொழியைப் படிவத்தோடு மட்டும் ஒப்பிட மாட்டார்கள். பியர்சன் விமான நிலையத்தில் அதிகாரி எழுதிய குறிப்பு இருக்கும். நீங்கள் விசாவுக்குப் போட்ட விண்ணப்பமும் இருக்கும். ஊரில் முகவர் நிரப்பிய அந்த விண்ணப்பத்தில் நீங்கள் ஒரு கொம்பனி முகாமையாளர், வங்கியில் அம்பது இலட்சம், இராணுவத்தால் எந்தத் தொல்லையும் இல்லை. இதை லோயரிடம் மறைத்தால் விசாரணையில்தான் வெளியே வரும். முதலே சொன்னால் ஏன் அப்படி எழுதப்பட்டது என்று பி.ஓ.சி.யிலேயே விளக்கலாம்.

படிவத்தின் கடைசியில் மொழிபெயர்ப்பாளரின் உறுதிமொழி இருக்கிறது, முழுவதையும் உங்களுக்கு வாசித்துக் காட்டினேன் என்று. வாசித்துக் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். லோயர் அலுவலகத்தில் அவசரம் என்பார்கள், அவசரமாகத்தான் இருக்கும். அப்படியிருந்தும், "2009 மே" என்று நீங்கள் சொன்னது "2009 மார்ச்" என்று இருக்கிறதா என்று பார்க்க ஒரு மணித்தியாலம் கேட்டு வாங்குங்கள்.

ஊரிலிருந்து வரவேண்டிய தாள்கள்

அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு. இவை அடையாளத்துக்கு. நடந்ததற்கு ஆதாரமாக ஆஸ்பத்திரியின் நோய் நிர்ணய அட்டை, மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்த ரசீது, செஞ்சிலுவைச் சங்கத்தின் தடுப்புக் கால அட்டை, பொலிஸ் அழைப்புத் துண்டு, புனர்வாழ்வில் இருந்தவர்களுக்கு விடுவிப்புச் சான்றிதழ். இவற்றில் எது வீட்டில் இருக்கிறது என்று இன்றைக்கே அம்மாவைத் தேடச் சொல்லுங்கள்.

கிராம அலுவலர், சமாதான நீதவான், பாதிரியார், பாராளுமன்ற உறுப்பினர் ஆகியோரின் கடிதங்களை எல்லாரும் கொண்டுவருகிறார்கள். "இவர் எனக்கு நன்கு தெரிந்தவர், இவர் உயிருக்கு ஆபத்து" என்று நாலு வரியில் வருகிற கடிதத்துக்கு எடை குறைவு. எழுதுபவர் தான் கண்ணால் கண்டதை, எந்த மாதம், எந்த இடம் என்று எழுதினால் அது வேறு. தமிழிலேயே எழுதட்டும், இங்கே மொழிபெயர்க்கலாம். பொய்க் கடிதம் ஒன்றாவது உள்ளே போனால் மற்ற எல்லா உண்மைத் தாளையும் அது கீழே இழுத்துவிடும்.

கடிதம் வந்த உறையையும் கூரியர் துண்டையும் எறியாதீர்கள். எப்படி வந்தது என்று கேட்பார்கள். வட்ஸ்அப்பில் வந்த மிரட்டலைப் படம் எடுக்கும்போது இலக்கமும் திகதியும் தெரியவேண்டும். எல்லாத் தாளும் ஆங்கிலத்தில் அல்லது பிரெஞ்சில் மொழிபெயர்க்கப்பட்டு, மொழிபெயர்ப்பாளரின் உறுதிமொழியோடு, விசாரணைக்குக் குறைந்தது 10 நாளுக்கு முன் சபைக்குப் போயிருக்கவேண்டும். லோயருக்கு அதைவிட ஒரு மாதம் முன்பே கொடுங்கள்.

இலங்கைக்கென்று சபை ஒரு நாட்டு ஆவணத் தொகுப்பை இணையத்தில் வைத்திருக்கிறது. யாரும் பார்க்கலாம். உங்கள் கேஸைக் கேட்கிறவர் உங்கள் நாட்டைப் பற்றி எதை வாசித்துவிட்டு வருகிறார் என்று தெரிந்துகொள்ள, ஆங்கிலம் தெரிந்த பிள்ளை ஒன்றை இருத்தி வாசிக்கச் சொல்லுங்கள்.

கையில் தருகிற கடதாசிகள்

கோரிக்கையைச் சபைக்கு அனுப்பலாமா என்று பார்க்கும் தகுதி நேர்முகம் முடிந்ததும் படம் போட்ட அகதிக் கோரிக்கையாளர் பத்திரம் தருவார்கள். அதோடு வெளியேற்ற உத்தரவு என்று ஒரு தாளும் வரும். அதைப் பார்த்துத் தலை சுற்றி இரவெல்லாம் அழுதவர்கள் உண்டு. அது நிபந்தனையோடு கூடியது, கோரிக்கை நிலுவையில் இருக்கும்வரை நடைமுறைக்கு வராது. அநேகமாக எல்லாருக்கும் அதைக் கொடுக்கிறார்கள்.

கோரிக்கையாளர் பத்திரத்தோடு இடைக்கால மத்திய சுகாதாரத் திட்டமும் சேர்ந்து வரும். கிளினிக்குக்குப் போகமுன் "ஐ.எஃப்.எச். எடுப்பீங்களா" என்று தொலைபேசியில் கேளுங்கள், எல்லா டொக்ரரும் அதில் பதிவு செய்தவர்கள் இல்லை. குடிவரவு மருத்துவப் பரிசோதனையை 30 நாளுக்குள் முடிக்கவேண்டும், பட்டியலில் உள்ள டொக்ரரிடம்தான், கட்டணத்தை இந்தத் திட்டமே கட்டும். அது முடியாமல் வேலை அனுமதிப் பத்திரம் வராது. வேலை அனுமதிப் பத்திரத்துக்கு அகதிக் கோரிக்கையாளரிடம் கட்டணம் இல்லை. அதை வைத்து சமூகக் காப்புறுதி இலக்கம் எடுங்கள், 9இல் தொடங்கும்.

வேலை கிடைக்கும்வரை ஒன்ராறியோ வேர்க்ஸ் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கலாம். இங்கே ஒரு பேச்சு உலாவுகிறது, வெல்ஃபெயர் எடுத்தால் கேஸ் பழுதாகும் என்று. அகதிக் கோரிக்கைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பிள்ளைகளை உடனே பள்ளிக்கூடத்தில் சேருங்கள். தாய் தகப்பனுக்கு விசா இல்லை என்ற காரணத்துக்காக ஒன்ராறியோவில் பிள்ளையைச் சேர்க்காமல் விட முடியாது. மத்திய அரசின் இலவச ஆங்கில வகுப்பு தீர்ப்புக் கிடைத்த பிறகுதான் உங்களுக்குத் திறக்கும், பள்ளிச் சபைகளின் வளர்ந்தோர் ஆங்கில வகுப்புகளை அதுவரை கேளுங்கள்.

வீடு மாறினால் மூன்று இடத்துக்கும் தனித்தனியாக அறிவிக்கவேண்டும்: அகதிகள் சபை, குடிவரவுத் திணைக்களம், எல்லைச் சேவை முகவரகம். ஒருவருக்குச் சொன்னால் மற்றவருக்குப் போகாது. பேஸ்மென்ற் பேஸ்மென்றாக மாறுகிற வாழ்க்கையில் விசாரணைக் கடிதம் பழைய வீட்டுக்குப் போய், கேஸ் கைவிடப்பட்டதாக முடிந்துபோன கதைகள் இருக்கின்றன.

எங்கள் சனம்

1986 ஓகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் 155 தமிழர் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்ததை மீனவர்கள் கண்டு ஏற்றினார்கள். 2010இல் சன் சீ கப்பலில் 492 பேர் வந்து மாதக்கணக்கில் தடுப்பில் கிடந்தார்கள். இன்றைக்கு ஸ்காபரோவில் கடை வைத்திருப்பவரிலும் பஸ் ஓட்டுபவரிலும் பலர் நீங்கள் நிற்கிற இடத்தில் நின்றவர்கள். கோவிலில் அன்னதானம், தமிழ்த் தேவாலயத்தில் பழைய கட்டில் மெத்தை, ஊர்ச் சங்கத்தில் குளிர்கால ஜக்கெற். கேட்டால் கிடைக்கும். உங்கள் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்கம் இங்கே அநேகமாக இருக்கும், அதன் வட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டால் அறை வாடகைக்குத் தருபவர் கிடைப்பார்.

அதே குழுவில் உங்கள் கேஸைப் போடாதீர்கள். அகதி விசாரணை மூடிய அறையில் நடப்பது, ஊருக்குத் தகவல் போகக்கூடாது என்பதற்காகச் சட்டம் காக்கிற இரகசியம் அது. நாங்களே அதைச் சந்தியில் கொண்டுபோய் வைக்கக்கூடாது.

வதைபட்டவர்கள், நித்திரை வராமல் தவிப்பவர்கள் சித்திரவதைக்கு உள்ளானோருக்கான கனடிய நிலையத்துக்குப் போங்கள். 1977இலிருந்து ரொறன்ரோவில் இதே வேலையைச் செய்கிறவர்கள், ஸ்காபரோவிலும் அலுவலகம் உண்டு. மன உதவி இலவசம். அவர்களின் மதிப்பீட்டுக் கடிதம் விசாரணைக்கும் உதவும், திகதிகள் ஏன் குழம்புகின்றன என்று அது சொல்லும். வீட்டில் அடி விழுகிற பெண்களுக்கு 416-863-0511, எந்நேரமும், தமிழ் மொழிபெயர்ப்போடு. "நான்தான் உன்னைக் கூப்பிட்டனான், சொன்னால் திருப்பி அனுப்புவன்" என்று கணவன் சொன்னால் அதை நம்பமுன் அந்த இலக்கத்துக்கோ சட்ட நிலையத்துக்கோ எடுத்துக் கேளுங்கள்.

வேலையில் நடக்கிற அநியாயத்துக்கு வேர்க்கர்ஸ் அக்ஷன் சென்ரர் இருக்கிறது, அங்கும் தமிழில் கேட்கலாம். 2025 ஒக்ரோபரிலிருந்து ஒன்ராறியோவின் ஆகக்குறைந்த சம்பளம் மணிக்கு 17.60 டொலர். தமிழ் முதலாளி என்பதற்காக 12 டொலருக்குக் கையில் காசு வாங்கி வேலை செய்யவேண்டியதில்லை. வாடகை வீட்டில் கடைசி மாத வாடகையைத்தான் முன்பணமாகக் கேட்கலாம், ஆறு மாதக் காசு கேட்பது சட்டத்தில் இல்லை. கொடுக்கிற காசுக்கு ரசீது வாங்குங்கள், சொந்தக்காரர் வீடாக இருந்தாலும்.

விசாரணை

கோரிக்கைகள் குவிந்து கிடப்பதால் திகதி வர வருடங்கள் எடுக்கலாம். அந்தக் காலத்தில் ஊரில் ஏதாவது புதிதாக நடந்தால் (வீட்டுக்கு வந்து விசாரித்தார்கள், தம்பியைக் கூட்டிக்கொண்டு போனார்கள்) உடனே லோயருக்கு எழுதி அனுப்புங்கள்.

முன்னால் இருப்பவரை எங்கள் ஆட்கள் நீதிபதி என்பார்கள், அவர் சபையின் உறுப்பினர். 1985 ஏப்ரல் 4இல் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிராவிட்டால் அவர் முன் இருந்து உங்கள் வாயால் சொல்லும் உரிமையே உங்களுக்கு இருந்திராது. அதற்கு முன் கடதாசியைப் பார்த்தே முடித்து அனுப்பினார்கள். அதனால் நேரம் எடுத்துச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்றும் ஞாபகம் இல்லாததை ஞாபகம் இல்லை என்றும் சொல்லுங்கள், அனுமானித்துத் திகதி சொல்லாதீர்கள்.

இப்போது பெரும்பாலும் கணினி மூலம் நடக்கிறது. கீழே ஐந்து பேர் இருக்கிற பேஸ்மென்ற்றில் இருந்து, மேலே பிள்ளைகள் ஓட, இதைச் செய்யக்கூடாது. லோயர் அலுவலகத்தில் ஒரு அறை கேளுங்கள், அல்லது நேரில் வர விரும்புவதாக முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். மொழிபெயர்ப்பாளரைச் சபை இலவசமாகத் தரும். அவர் தமிழ்நாட்டுத் தமிழ் பேசி உங்களுக்குப் பிடிபடாவிட்டாலோ, நீங்கள் "சுத்திவளைப்பு" என்றதை அவர் வேறு மாதிரி சொன்னாலோ அந்த நிமிடமே சொல்லுங்கள். தோற்ற பிறகு சொன்னால், அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள்.

தீர்ப்புக்குப் பிறகு

மறுத்தால் 15 நாள். அதற்குள் மேல்முறையீட்டுப் பிரிவுக்கு அறிவித்தல் போகவேண்டும். அங்கே போக உரிமை இல்லாதவர்களுக்கு, எல்லையில் உறவு விதிவிலக்கில் வந்தவர்களும் அதில் அடக்கம், சமஷ்டி நீதிமன்றம், அதற்கும் 15 நாள். லீகல் எயிட்டுக்கு இதற்குத் தனியாக விண்ணப்பிக்கவேண்டும் என்பதால், அழுதது போதும் என்று அடுத்த நாளே தொலைபேசியை எடுங்கள்.

ஏற்றுக்கொண்டால் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிப்பீர்கள். ஊரிலோ இந்தியாவிலோ இருக்கும் மனைவி, கணவன், பிள்ளைகள் எல்லாரின் பெயரையும் அந்த ஒரே விண்ணப்பத்தில் போடுங்கள், இப்போதைக்கு வரப்போவதில்லை என்றாலும். போடாமல் விட்ட பிள்ளையைப் பிறகு ஸ்பொன்சர் செய்யப் போனால் கதவு மூடியிருக்கலாம். கோரிக்கை வைத்த நாளிலிருந்து இலங்கைத் தூதரகத்தில் கடவுச்சீட்டுப் புதுப்பிக்கவோ, நிரந்தர வதிவிடம் கிடைத்ததும் அம்மாவைப் பார்க்க ஊருக்கு ஓடவோ வேண்டாம். பாதுகாப்பை நீங்களே கைவிட்டதாக அரசு வழக்குப் போடலாம், 2012க்குப் பிறகு அதில் தோற்றால் நிரந்தர வதிவிடமும் போகும். கனடியக் குடியுரிமை எடுக்கும்வரை அம்மாவைச் சென்னைக்கு வரச்சொல்லிச் சந்திப்பவர்கள்கூட, அகதிகளுக்கான கனடியப் பயண ஆவணத்தில்தான் போகிறார்கள், லோயரைக் கேட்டுவிட்டு.